வீட்டை நீட்டும் முன்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவும் ஒரே மாதிரி தொடங்குகின்றன: "பில்டர் சொல்கிறார்..." பில்டர் சுவர் எழுப்புவதில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் விதியை மீறிக் கட்டியதற்காக உள்ளாட்சி கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் அது அவர் பெயருக்கு வராது, வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. அங்கிருந்து எழுதுகிறவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுடையது 1930-களில் கட்டிய செமி டிடாச்டு (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீடு. சமையலறையைப் பின்பக்கம் ஆறு மீட்டர் நீட்ட ஆசை. ஆறு மீட்டர் வரை பிளானிங் பெர்மிஷன் (கட்டுவதற்குக் கவுன்சில் தரும் அனுமதி) தேவையே இல்லை, அடுத்த மாதமே தொடங்கலாம் என்கிறார் பில்டர். எதிர் வரிசையில் ஒருவர் அப்படித்தான் கட்டியிருக்கிறார். எங்கள் வீட்டின் பின்னால் ஏற்கெனவே இரண்டு மீட்டரில் ஒரு பழைய கண்ணாடி அறை இருக்கிறது. பில்டர் பேச்சை நம்பலாமா?
வாசகர், ஹாரோ

பாதி நம்பலாம். ஆறு மீட்டர் நடக்கக்கூடியதுதான். அடுத்த மாதம் நடக்காது.

யாரையும் கேட்காமல் தரைத்தளத்தில் மட்டும் பின்னால் நீட்டிக்கொள்ள உங்களுக்கு உள்ள உரிமை மூன்று மீட்டர். தனி வீடாக இருந்தால் நான்கு. மூன்றைத் தாண்டி ஆறு வரை, தனி வீட்டுக்கு எட்டு வரை போக வேண்டுமானால், கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவித்து 'பிரையர் அப்ரூவல்' என்ற படியைத் தாண்ட வேண்டும். கவுன்சில் உங்கள் எல்லையைத் தொட்டிருக்கும் வீடுகளுக்குக் கடிதம் போடும். அவர்களுக்குக் குறைந்தது 21 நாள் அவகாசம். யாரும் மறுக்கவில்லை என்றால் கட்டலாம். ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்துவிடாது. அவர் வீட்டு வெளிச்சமும் தனிமையும் எவ்வளவு பாதிக்கப்படும் என்று அதிகாரி பார்த்து முடிவெடுப்பார். 42 நாளுக்குள் பதில் எதுவும் வராவிட்டால் தொடங்கலாம். 2013-இல் தற்காலிகமாக வந்த ஏற்பாடு இது, 2019-இல் நிரந்தரமானது. பழைய தோற்றத்தைக் காப்பதற்காகக் குறித்துவைத்த 'கன்சர்வேஷன் ஏரியா'வில் இது செல்லாது.

இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. மண்ணைத் தோண்டிய பிறகு இந்த அனுமதியைக் கேட்க முடியாது. தொடங்கிவிட்டால் மிச்சம் இருப்பது முழு பிளானிங் விண்ணப்பம் ஒன்றுதான். அதன் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக ஏறியது. பணம் போனால் போகட்டும், அந்த விண்ணப்பத்தில் 'முடியாது' என்ற பதிலும் வரலாம். அதுவும் பாதிச் சுவர் எழும்பிய நிலையில்.

அடுத்து அந்தக் கண்ணாடி அறை. மூன்றோ ஆறோ, எங்கிருந்து அளப்பது? இப்போது இருக்கும் கடைசிச் சுவரிலிருந்து அல்ல. வீடு முதலில் கட்டப்பட்டபோது இருந்த பின்சுவரிலிருந்து. உங்களுடையதைப் போல 1948 ஜூலை 1-க்கு முன்பே கட்டிய வீடு என்றால் அந்தத் தேதியில் எப்படி இருந்ததோ, அதுதான் சட்டத்தின் கண்ணில் 'மூல வீடு'. கண்ணாடி அறை அதற்குப் பிறகு வந்ததாக இருந்தால் அதன் இரண்டு மீட்டரும் உங்கள் கணக்கில் ஏற்கெனவே செலவானது. அதற்கு அப்பால் நான்கு மீட்டர்தான். இடித்துவிட்டுக் கட்டினாலும் அளவு பழைய சுவரிலிருந்துதான் தொடங்கும். முந்தைய உரிமையாளர் கட்டியது, எனக்கு என்ன என்று கேட்க முடியாது. உரிமை வீட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல.

மற்ற அளவுகளும் உண்டு. உயரம் நான்கு மீட்டரைத் தாண்டக்கூடாது. எல்லையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வருகிற பகுதியில் கூரையின் இறவாணம் மூன்று மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மூல வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில், ஷெட் முதல் எல்லாச் சேர்க்கைகளையும் கூட்டினாலும், பாதிக்கு மேல் மூடக்கூடாது. பக்கவாட்டிலும் திருப்பி 'எல்' மாதிரி கட்டலாமே என்று பில்டர் அடுத்து சொல்வார். பக்கத்துக்குத் திரும்பினால் மொத்த அகலம் மூல வீட்டு அகலத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அப்படி வளைத்துக் கட்டும் திட்டங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

எதிர்வரிசைக்காரர் கட்டியதை உதாரணமாக எடுக்காதீர்கள். அவர் அனுமதி வாங்கியிருக்கலாம். வாங்காமலே கட்டிவிட்டு இன்னும் அகப்படாமல் இருக்கலாம். கவுன்சில் இணையதளத்தில் பிளானிங் பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அவர் வீட்டு விலாசத்தைப் போட்டுப் பாருங்கள், அஞ்சு நிமிட வேலை.

வரிசை வீடு எங்களுடையது. லாஃப்டில் (கூரைக்கு அடியில் உள்ள இடத்தில்) பின்பக்கம் டார்மர் (கூரைச் சரிவிலிருந்து வெளியே நீட்டிய ஜன்னல் பகுதி) வைத்து ஒரு படுக்கையறை கட்டுகிறோம். பிளானிங் தேவையில்லை என்று கவுன்சிலே சான்றிதழ் கொடுத்துவிட்டது. இனி யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லைதானே?
வாசகி, ஈஸ்ட் ஹாம்

சான்றிதழ் வாங்கியது நல்ல வேலை. வீட்டை விற்கும் நாளில் அதன் அருமை தெரியும். ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்று: வெளியே தெரிகிற உருவத்தில் பிளானிங் துறைக்கு மறுப்பில்லை. வரிசை வீட்டுக் கூரையில் 40 கன மீட்டர் வரை கூட்டலாம், செமிக்கும் தனி வீட்டுக்கும் 50. டார்மர் தெருப்பக்கக் கூரைச் சரிவைத் தாண்டி வரக்கூடாது. உங்களுடையது இதற்குள் அடங்குகிறது, அவ்வளவுதான்.

அந்தத் தரை உங்களைத் தாங்குமா, தீப்பிடித்தால் மேலே தூங்குகிற பிள்ளை வெளியே வருமா என்பதை பிளானிங் துறை கேட்பதே இல்லை. அதைக் கேட்பது பில்டிங் கன்ட்ரோல். அது வேறு விண்ணப்பம், வேறு கட்டணம், வேறு அதிகாரி. லாஃப்ட் அறைக்கு அதிலிருந்து விலக்கு கிடையவே கிடையாது.

இரண்டு தள வீட்டில் மூன்றாவது தளம் வந்தவுடன் தீ விதி மாறிவிடும். மேல் அறையிலிருந்து முன்வாசல் வரை படிக்கட்டு ஒரு பாதுகாப்பான கூண்டுக்குள் இருக்க வேண்டும். அந்தப் படிக்கட்டைப் பார்த்துத் திறக்கிற அறைக் கதவுகள் தீயைத் தாங்குகிற கதவுகளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் மின்சாரத்தில் ஓடுகிற புகை அலாரம், ஒன்று அடித்தால் எல்லாமே அடிக்கிற மாதிரி. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் நம்மவர்கள் வீடு வாங்கியதும் செய்கிற முதல் வேலை என்ன? ஹாலுக்கும் முன்னறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்து ஒரே பெரிய இடமாக ஆக்குவது. படிக்கட்டு நேரே வரவேற்பறைக்குள் இறங்குகிறது. அந்த வீட்டில் லாஃப்ட் கட்டப் போனால், ஆசையாக எடுத்த சுவரை மறுபடி வைக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு போன்ற மாற்று வழியை வடிவமைத்து அதிகாரியை ஏற்க வைக்க வேண்டும். செலவு எகிறும். உங்கள் வீட்டில் இந்தச் சுவர் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. டார்மர் அளவைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

இப்போது லாஃப்டில் இருக்கும் கட்டைகள் கீழ் அறையின் சீலிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவை. கட்டில், அலமாரி, ஆட்கள் என்று ஏற்றுவதற்காகப் போட்டவை அல்ல. தரையைத் தாங்கப் புதிய ஜாயிஸ்ட்டும் (குறுக்குக் கட்டைகளும்) இரும்பு பீமும் வரும், அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்கு வேண்டும். படிக்கட்டில் தலைக்கு மேல் இரண்டு மீட்டர் இடம் வேண்டும். லாஃப்டில் கூரைச் சரிவு இடித்தால் நடுவில் 1.9, தாழ்ந்த ஓரத்தில் 1.8 வரை விட்டுக்கொடுப்பார்கள். கூரைக்கு இன்சுலேஷன் வைத்த பிறகு மிஞ்சுகிற உயரத்தைச் சொல்கிறேன். வெறுங்கூரையை அளந்துவிட்டு 'தாராளம்' என்று சொல்கிற ஆளை நம்பாதீர்கள்.

வேலை முடிந்ததும் பில்டிங் கன்ட்ரோலிடம் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் (வேலை விதிப்படி முடிந்தது என்ற சான்றிதழ்) வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை பில்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், பிறகு முகம் கோணாது. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் விற்கும்போது ஏஜென்ட் அதைப் படுக்கையறை என்று விளம்பரத்தில் போடத் தயங்குவார், 'லாஃப்ட் ரூம்' என்றுதான் வரும். விலையிலும் அது தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்குச் சொந்தம் மாதிரி. எக்ஸ்டென்ஷன் கட்டுவதற்கு அவருக்கு பார்ட்டி வால் (இரு வீட்டுக்கும் பொதுவான சுவர்) நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறார் வரைபடம் போட்டவர். வாயால் சொல்லி அவரும் சரி என்றுவிட்டார். சட்டக் காகிதம் நீட்டினால் மனம் நோகாதா?
வாசகி, குரோய்டன்

நோட்டீஸ் கொடுக்காமல் கட்டி, அவர் சுவரில் விரிசல் விட்டால் நோகிற அளவுக்கு நோகாது. 1996-ஆம் வருடத்து பார்ட்டி வால் சட்டம் அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொள்ள வந்ததல்ல. பொதுச்சுவரில் பீம் ஏற்ற வெட்டினால் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். எல்லைக்கோட்டில் புதுச்சுவர் வைத்தாலோ, அவர் கட்டடத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் அவர் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினாலோ ஒரு மாதம் முன்பு. லண்டனின் களிமண்ணில் இன்று பில்டிங் கன்ட்ரோல் ஒரு மீட்டர், மரம் பக்கத்தில் இருந்தால் அதற்கு மேலும் தோண்டச் சொல்லும். பழைய வீடுகளின் அஸ்திவாரம் அவ்வளவு ஆழம் போவதில்லை. ஆகவே ஒட்டிய வீடுகளில் எக்ஸ்டென்ஷன் என்றாலே இந்தச் சட்டம் அநேகமாக வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். படிவத்தோடும் வரைபடத்தோடும் நீங்களே அக்கா வீட்டுக்குப் போங்கள். எங்கே தோண்டுகிறோம், எத்தனை வாரம் சத்தம் இருக்கும் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் 14 நாளுக்குள் 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சர்வேயரே தேவையில்லை, அந்தச் செலவு மிச்சம். வாய்ச்சொல் கணக்கில் வராது. தோண்டுவதற்கோ பொதுச்சுவரை வெட்டுவதற்கோ கொடுத்த நோட்டீசுக்கு எழுத்தில் பதில் வராவிட்டால் சட்டம் அதைத் தகராறு என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது சர்வேயர் வர வேண்டும். இருவருக்கும் பொதுவாக ஒரே சர்வேயரை வைத்துக்கொள்ளலாம், அவர் கட்டணம் வழக்கமாக வீட்டை நீட்டுகிறவர் தலையில்தான். எது நடந்தாலும் அக்காவால் வேலையை அடியோடு தடுக்க முடியாது. எப்படிச் செய்ய வேண்டும் என்பதைத்தான் வரையறுக்க முடியும்.

அவர் சம்மதித்தாலும் ஒன்று செய்யுங்கள். வேலை தொடங்கும் முன் அக்கா வீட்டுச் சுவர், சீலிங், ஜன்னல் ஓரம் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து ஒரு பிரதி அவரிடம் கொடுங்கள். இருக்கிற விரிசல் எது, புதிதாக வந்தது எது என்று பின்னால் இரண்டு பேரும் வாதாட வேண்டியிருக்காது.

எக்ஸ்டென்ஷன் கட்டப்போகிற இடத்தில், பின்சுவருக்கு நேரே ஒரு மேன்ஹோல் (கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்கும் குழி) இருக்கிறது. மூடிமேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம், வெளியே தெரியாது என்கிறார் பில்டர்.
வாசகர், இல்ஃபோர்ட்

வேறு பில்டர் பாருங்கள். 2011 அக்டோபர் 1 முதல், இரண்டு வீடுகளோ அதற்கு மேலோ பகிர்ந்துகொள்கிற கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் தண்ணீர் நிறுவனத்துக்குச் சொந்தம், உங்கள் தோட்டத்துக்குள் ஓடினாலும் சரி. அதன்மேல், அல்லது அதிலிருந்து மூன்று மீட்டருக்குள் கட்டுவதற்கு அந்த நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்குள் மேன்ஹோலை அவர்கள் விரும்புவதில்லை, வெளியே நகர்த்தச் சொல்வார்கள். இந்த நிலையில் பில்டிங் கன்ட்ரோலுக்கு வெறும் 'பில்டிங் நோட்டீஸ்' கொடுத்துத் தொடங்கவும் முடியாது, முழு வரைபட விண்ணப்பம்தான்.

தோட்டத்தின் கடைசியில் ஓர் அறை கட்டி, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்கவைக்க நினைக்கிறேன். அவர்கள் இல்லாத மாதங்களில் ஒரு மாணவருக்கு வாடகைக்கு விடலாம். தோட்ட அறைக்கு அனுமதி வேண்டாமாமே?
வாசகர், சவுத்ஹால்

அனுமதி வேண்டாத தோட்ட அறை வேறு, நீங்கள் எழுதியிருப்பது வேறு. எல்லையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வந்தால் உயரம் 2.5 மீட்டர், அதற்குள் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பயன்பாடு வீட்டுக்குத் துணையானதாக இருக்க வேண்டும். எழுதும் மேசை, உடற்பயிற்சி, தையல் மெஷின், சாமி அறை, எதுவும் சரி. கட்டிலைப் போட்டு வாழ்கிற இடமாக்கினால் அந்தச் சலுகை போய்விடும். பில்டிங் விதியும் அப்படியே. 15 சதுர மீட்டருக்குள் இருக்கும் தனிக் கட்டடத்துக்கு விலக்கு உண்டு, 30 வரை சில நிபந்தனைகளோடு உண்டு. இரண்டிலும் முதல் நிபந்தனை: யாரும் அதில் தூங்கக்கூடாது.

பெற்றோருக்காக என்றால் நேர்மையாக அனெக்ஸ் (பெரிய வீட்டைச் சார்ந்த துணைக் குடியிருப்பு) என்றே விண்ணப்பியுங்கள். சாப்பாடு, புழக்கம் எல்லாம் பெரிய வீட்டோடு சேர்ந்தது என்று காட்டினால் கிடைக்க வாய்ப்பு உண்டு, தனியாக வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. மாணவர் யோசனையை இப்போதே விடுங்கள். 2013-இல் ஸ்லவ் கவுன்சில் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவோடு விமானத்தைப் பறக்கவிட்டு, எந்தத் தோட்டக் கொட்டகையில் ஆள் இருக்கிறார் என்று மேலிருந்தே தேடியது. கவுன்சிலை விடுங்கள். ஹீட்டரை ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவருடைய பிள்ளை அது.

அனுமதி இல்லாமல் கட்டியது நாலு வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் அப்புறம் கவுன்சில் ஒன்றும் செய்ய முடியாது என்கிறாரே என் மச்சான்?
வாசகர், லெஸ்டர்

மச்சான் பழைய சட்டத்தில் இருக்கிறார். 2024 ஏப்ரல் 25-க்கு முன்பே பெரும்பாலும் கட்டி முடித்ததற்கு மட்டும்தான் நான்கு வருடம். அதற்குப் பிறகு முடித்ததற்குப் பத்து. பில்டிங் விதியை மீறிய வேலையைத் திருத்தச் சொல்கிற அதிகாரமும் 2023 அக்டோபரிலிருந்து ஒரு வருடத்திலிருந்து பத்து வருடமாகிவிட்டது.

மறைப்பதும் உதவாது. சர்ரேயில் ராபர்ட் ஃபிட்லர் என்ற விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி மறைத்து, உள்ளே கோட்டை மாதிரி ஒரு வீடே கட்டிக் குடும்பத்தோடு வாழ்ந்தார். நான்கு வருடம் ஆனதாகக் கணக்கிட்டு 2006-இல் வைக்கோலை எடுத்தார். மறைத்துவைத்த காலம் கணக்கில் வராது என்று நீதிமன்றம் வரை போய் முடிவானது. 2016-இல் அவரே இடித்துத் தள்ள வேண்டியிருந்தது.

நாங்கள் வாங்கிய வீட்டின் எக்ஸ்டென்ஷன் 2009-இல் கட்டியது. கம்ப்ளீஷன் சர்டிபிகேட் இல்லை. இப்போது விற்கிறோம், வாங்குகிறவரின் சொலிசிட்டர் கேட்கிறார். கவுன்சிலுக்குப் போன் போட்டு விசாரிக்கட்டுமா?
வாசகி, மில்டன் கீன்ஸ்

போனைக் கீழே வையுங்கள், முதலில் உங்கள் சொலிசிட்டரிடம் பேசுங்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, கவுன்சிலிடம் 'ரெகுலரைசேஷன்' (முடிந்துபோன வேலையைப் பின்னால் சோதித்துச் சான்று தருவது) கேட்பது. 1985 நவம்பர் 11-க்குப் பிறகு செய்த வேலைக்கு இது கிடைக்கும். அதிகாரி வந்து பிளாஸ்டரைப் பெயர்க்கச் சொல்வார், பீமைப் பார்ப்பார், அஸ்திவாரத்தின் ஓரத்தில் தோண்டச் சொல்லலாம். குறை இருந்தால் திருத்த வேண்டும். இன்னொன்று, இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ், அதாவது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்துக்கான காப்பீடு. மலிவு, சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கவுன்சிலைத் தொடர்பு கொண்டுவிட்டால் அந்த பாலிசியைப் பொதுவாகத் தரமாட்டார்கள். அதனால்தான் போனைக் கீழே வைக்கச் சொன்னேன்.

விற்பதற்கு இன்ஷூரன்ஸ் போதும். நீங்களே தொடர்ந்து இருக்கப்போகிற வீடு என்றால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். பாலிசி காகிதம் பீமைத் தாங்காது.

அனுமதி கேட்ட எங்கள் விண்ணப்பத்துக்கு எதிராகத் தெருவில் கையெழுத்து வேட்டை நடக்கிறது. தோற்றுவிடுவோமா?
வாசகர், ரெடிங்

கையெழுத்துகளை எண்ணி முடிவு செய்வதில்லை. வெளிச்சம், தனிமை, தெருவின் தோற்றம் போன்ற பிளானிங் காரணங்களை மட்டும்தான் எடைபோடுவார்கள். வீட்டு விலை குறையும், எங்கள் காட்சி போகும், கட்டும்போது சத்தம் என்பதெல்லாம் தள்ளுபடி. பக்கத்து வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து 45 டிகிரி கோடு போட்டுப் பாருங்கள். உங்கள் சுவர் அதை வெட்டினால் மறுப்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது, முடிவு வரும் முன்பே பின்னால் நீட்டும் நீளத்தைக் குறைத்து வரைபடத்தை மாற்றிக் கொடுங்கள். வழக்கமாக எட்டு வாரத்தில் முடிவு வரும். மறுத்தால் அப்பீலுக்குப் பன்னிரண்டு வாரம்.

ஒரே நிறுவனம் மொத்தமாகக் கட்டிய புது எஸ்டேட்டில் (குடியிருப்பில்) வாங்கிய வீடு. மூன்று மீட்டர் உரிமை எங்களுக்கும் உண்டா?
வாசகர், ஆஷ்ஃபோர்ட்

எஸ்டேட்டுக்கு முதலில் கொடுத்த பிளானிங் அனுமதியின் நிபந்தனைகளைத் தேடிப் படியுங்கள். இந்த உரிமையை அதிலேயே நீக்கியிருப்பது சகஜம். அது இல்லாவிட்டாலும், கட்டிய நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் மாற்றம் கூடாது என்று வீட்டுப் பத்திரத்தில் தனியாக எழுதியிருக்கலாம். ஃபிளாட்டில் இருந்துகொண்டு இதே கேள்வி கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்து: ஃபிளாட்டுக்கு இந்த உரிமை இல்லை.

முன்தோட்டத்தில் கார் நிறுத்த கான்கிரீட் போடலாமா?
வாசகி, லூட்டன்

ஐந்து சதுர மீட்டருக்கு மேல் என்றால், தண்ணீர் ஊறிப்போகிற பொருளைப் போடுங்கள், அல்லது மழைநீர் உங்கள் புல்தரைக்கே ஓடுகிற மாதிரி சரிவு வையுங்கள். அப்போது பிளானிங் வேண்டாம். தெருவுக்குத் தண்ணீரை விடுகிற கான்கிரீட்டுக்கு வேண்டும். நடைபாதை விளிம்பைத் தாழ்த்துவதற்குச் சாலைத் துறையிடம் தனி விண்ணப்பம். அதை முதலில் போடுங்கள், மரமோ விளக்குக் கம்பமோ குறுக்கே நின்றால் அங்கேயே நின்றுவிடும்.